நத்தாருக்கு ஊர் வரும் ஊழியக் குடும்பங்கள்: விடுமுறைத் திகதியை நவம்பரிலேயே சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மலையகம், மட்டக்களப்பு, மன்னார், முல்லைத்தீவு, தீவகம், இந்தியா எனப் பல இடங்களில் பணிபுரியும் யாழ்ப்பாணத்துப் போதகர்கள், உபதேசியார்கள், விடுதிப் பொறுப்பாளர்கள் குடும்பத்தோடு ஊருக்கு வந்து திரும்பும் ஒழுங்குகளை நாங்கள் கவனித்து வருகிறோம். இந்தப் பயணத்தில் ஆண்டுதோறும் ஒரே தவறுகள்தான் நடக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை நவம்பர் மாதத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்து பேசினால் தீரக்கூடியவை. அதனால்தான் சபைகளும் வீட்டாரும் வாசிக்கும்படி இந்தக் கடிதத்தை எழுதுகிறோம்.

முதலில் நாட்காட்டியைப் பார்க்க வேண்டும். மற்ற வீடுகளில் வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் டிசம்பர் 23, 24இல் வந்து சேர்ந்துவிடுவார்கள். போதகர் வீட்டுக்கு அது பொருந்தாது. ஆகமன கால ஞாயிறுகள், கரோல், ஞாயிறு பாடசாலை ஒளிவிழா, 24 இரவு ஆராதனை, 25 காலை ஆராதனை, அதன்பின் நோயாளர் வீடுகளில் நற்கருணை என்று 25ஆம் திகதி மத்தியானம் வரை அவருக்கு வேலை இருக்கிறது. 31 இரவு ஆண்டிறுதி ஆராதனை, முதலாம் திகதி காலை புத்தாண்டு ஆராதனை. மெதடிஸ்த சபையானால் அடுத்து உடன்படிக்கை ஆராதனையும் வரும். ஆக, 26 காலை முதல் 30 மாலை வரை ஐந்து நாள். பெரும்பாலான ஆண்டுகளில் அதற்குள் ஒரு ஞாயிறும் விழும். மலையகத்தில் இருக்கும் குடும்பத்துக்கு வர ஒரு நாள், போக ஒரு நாள் கழிந்தால், பிள்ளைகள் அம்மம்மா வீட்டில் படுப்பது மூன்று அல்லது நான்கு இரவுகள்தான். “நத்தாருக்கு ஏன் வரவில்லை?” என்று வீட்டார் கேட்பதற்கு முன் இந்தக் கணக்கைப் பார்த்தால் மனத்தாங்கல் குறையும்.

இனி முற்பதிவு. ரயிலில் ஆசன முற்பதிவு பயணத்துக்கு 30 நாட்களுக்கு முன் திறக்கிறது. 26 டிசம்பர் பயணத்துக்கு நவம்பர் 26, திரும்பும் 30 டிசம்பர் பயணத்துக்கு நவம்பர் 30. இவை இரண்டு வெவ்வேறு நாட்கள். வரும் ஆசனத்தைப் பதிந்துவிட்டுத் திரும்பும் ஆசனத்தை மறந்துவிடுவதுதான் அதிகம் நடக்கும் பிழை. விடுமுறை நாட்களில் ஆசனங்கள் திறந்தவுடனேயே போய்விடுகின்றன. ஆனால் ஊழியருக்கு “நீங்கள் இந்தத் திகதியில் போகலாம்” என்ற அனுமதி டிசம்பர் நடுப்பகுதியில்தான் கையில் கிடைக்கிறது. அப்போது மிச்சம் இருப்பது மூன்றாம் வகுப்பில் நின்றுகொண்டு போகும் பயணம், அல்லது இரவு பஸ்ஸில் கடைசி வரிசை. கைக்குழந்தையோடு கொழும்பு கோட்டையிலிருந்து யாழ்ப்பாணம் வரை ஏழு, எட்டு மணித்தியாலம் நின்று வருவது எவருக்கும் சொல்லக்கூடிய ஆலோசனை அல்ல.

முற்பதிவில் இன்னொரு சிக்கலும் உண்டு. இப்போது அடையாள அட்டை இலக்கம் கொடுத்தே பதிய வேண்டும். பயணத்தின்போது அதே அட்டையைக் காட்டவும் வேண்டும். கொழும்பில் இருக்கும் உறவினர் உதவி செய்வதாக நினைத்துத் தன் அட்டை இலக்கத்தில் பதிந்து அனுப்பினால், அந்தச் சீட்டு போதகருக்குப் பயன்படாது. யார் பயணம் செய்கிறார்களோ அவர்களின் இலக்கத்தையே கொடுங்கள். அட்டை எடுக்கும் வயது வராத பிள்ளைகளுக்குப் பிறப்புச் சான்றிதழின் பிரதியைக் கைப்பையில் வையுங்கள், பெரிய பெட்டிக்குள் அல்ல. நேர அட்டவணையையும் பழைய நினைவில் சொல்லக் கூடாது. 2023இலும் 2024இலும் பாதைத் திருத்த வேலைக்காக வடக்குப் பாதையில் சில பகுதிகள் மாதக்கணக்கில் மூடப்பட்டன. பயணத்துக்கு முதல் நாள் நிலையத்தில் கேட்டு உறுதிசெய்வது நல்லது.

மலையகத்திலிருந்து வருபவர்கள் இரண்டு ரயில் மாறும் திட்டத்தை விட்டுவிடுவதே நல்லது என்பது எங்கள் கருத்து. வரைபடத்தில் அது அழகாகத் தெரியும்: பதுளைப் பாதையில் வந்து பொல்கஹவெலயில் இறங்கி, வடக்கே போகும் ரயிலைப் பிடிப்பது. நடைமுறையில் மலையிலிருந்து இறங்கும் ரயில் பிந்துகிறது, பொல்கஹவெலயில் எல்லாக் கடுகதிகளும் நிற்பதில்லை, அடுத்த ரயில் வரும்வரை பிள்ளைகளோடும் பெட்டிகளோடும் மேடையில் காத்திருக்க வேண்டியதாகிறது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மலையகப் பாதையைப் பல இடங்களில் மண்சரிவால் அறுத்துப் போட்டதையும் மறக்கக் கூடாது. ஹற்றனிலிருந்து பஸ்ஸில் கண்டிக்கு வந்து, கண்டியில் யாழ்ப்பாணம் பஸ் ஏறுவது நேரான வழி. ஏ9 வீதி கண்டியில் தொடங்கி மாத்தளை, தம்புள்ளை, வவுனியா, கிளிநொச்சி வழியாக யாழ்ப்பாணத்தில்தான் முடிகிறது. மொத்தம் 321 கிலோமீற்றர். மாறும் இடம் ஒன்றே ஒன்று, அதுவும் கடைகளும் கழிவறையும் உள்ள நகரம்.

மட்டக்களப்புக் குடும்பங்களுக்கும் இதே ஆலோசனைதான். ரயிலில் மாகோ வரை மேற்கே போய், அங்கே மாறி, மறுபடி வடக்கே ஏறுவது பெரிய சுற்று. யாழ்ப்பாணத்துக்கு நேரே ஓடும் பஸ் இருக்கும்போது அதையே பிடிக்கலாம்.

மன்னாரிலிருந்து வருபவர்களுக்கு இரண்டு வழி. ஒன்று, மதவாச்சி அல்லது வவுனியாப் பக்கம் போய் ஏ9இல் ஏறுவது. மற்றது, ஏ32 வீதியில் பூநகரி, சங்குப்பிட்டிப் பாலம், கேரதீவு, நாவற்குழி என்று வருவது. 2011 ஜனவரியில் பாலம் திறந்த பிறகு இரண்டாவது வழி மிகவும் குறுகிவிட்டது. அதற்கு முன் அந்த இடத்தில் “பாதை” என்ற மிதவைக்காகக் காத்திருந்தவர்களுக்கு அந்த வேறுபாடு தெரியும். ஆனால் கடும் மழை நாட்களில் ஏ32இல் தாழ்வான இடங்களில் வெள்ளம் வீதிக்கு ஏறும். அன்றைக்குக் குறுகிய வழியை நம்பிப் புறப்பட்டால் நடுவில் நிற்க நேரும். முல்லைத்தீவுப் பக்கமும் அப்படித்தான். வட்டுவாகல் பாலத்துக்கு மேலால் தண்ணீர் பாய்ந்தால் போக்குவரத்து நின்றுவிடும். இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்ட செய்தி வந்தால் கிளிநொச்சியின் தாழ்ந்த பகுதிகளில் அன்றும் மறுநாளும் தாமதம் இருக்கும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். டித்வாவின்போது ஏ35 வீதியில் பாலம் உடைந்து, பிறகு இரும்புப் பாலம் போட்டுத்தான் வாகனங்கள் ஓடின. இந்தப் பகுதிகளிலிருந்து வருபவர்கள் 26ஆம் திகதியைப் பயண நாளாகவும் 27ஐ ஒதுக்கு நாளாகவும் வைக்க வேண்டும். ஒரே நாளில் எல்லாவற்றையும் அடக்கினால் ஒரு மழை போதும், திட்டம் முழுவதும் குழம்பிவிடும்.

நெடுந்தீவில் இருக்கும் ஊழியருக்குத் தூரம் மிகக் குறைவு, நிச்சயமும் மிகக் குறைவு. குறிகட்டுவானுக்குப் படகில் ஏறக்குறைய ஒரு மணித்தியாலம்தான். ஆனால் வடகீழ்ப் பருவக்காற்றில் கடல் கொந்தளித்தால் சேவை நிறுத்தப்படும், சில வேளை இரண்டு மூன்று நாளும். எப்போதும் காலையில் முதல் படகைப் பிடியுங்கள். அது ஓடாவிட்டாலும் பின்னேரப் படகு ஒன்று மிச்சம் இருக்கும். பின்னேரப் படகை நம்பினால் மிச்சம் ஒன்றும் இராது. உயிர்காப்பு அங்கி இல்லாத படகில் பிள்ளைகளை ஏற்றாதீர்கள். அங்கியைக் கையில் பிடித்துக்கொண்டு இருப்பது போட்டதற்குச் சமம் ஆகாது. நாடாவை இறுக்கிக் கட்டி, பிள்ளையின் தோளில் பிடித்துத் தூக்கிப் பாருங்கள். அங்கி காதுவரை மேலே ஏறினால் அது அந்தப் பிள்ளைக்குப் பெரிது.

கடலுக்கு அப்பால் இருக்கும் குடும்பங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. யாழ்ப்பாணம் மிஷனரிகளைப் பெற்றுக்கொண்ட இடம் என்று மட்டும் பலர் நினைக்கிறார்கள். 1815 ஒக்டோபரில் அமெரிக்காவின் நியூபெரிபோர்ட்டில் கப்பல் ஏறி 1816 மார்ச்சில் கொழும்பில் இறங்கிய டானியல் பூவர், மெய்க்ஸ், றிச்சர்ட்ஸ், வாரன் ஆகியோரைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். அந்தக் காலத்தில் ஊருக்குப் போய்வருவது என்பது ஆண்டுக்கணக்கு. உடல்நலம் தேடித் தென்னாபிரிக்காவின் கேப் நகரத்துக்குப் போன வாரன் 1818இல் அங்கேயே இறந்தார். அதே மிஷனின் மருத்துவர் சாமுவேல் கிறீன் 1847இல் வந்தார், பத்தாண்டு கழித்து 1857இல்தான் ஊருக்குத் திரும்பினார், மறுபடி 1862இல் மானிப்பாய்க்கு வந்தார். ஆனால் யாழ்ப்பாணம் அனுப்பிய இடமும்கூட. 1900ஆம் ஆண்டளவில் இங்குள்ள கிறிஸ்தவ மாணவர்கள் சேர்ந்து ஒரு மிஷன் சங்கம் தொடங்கி, பாக்குநீரிணைக்கு அப்பால் தொண்டிக்குத் தங்கள் செலவில் ஊழியர்களை அனுப்பினார்கள். 1902இல் இங்கே வந்து அதைக் கண்ட வேதநாயகம் சாமுவேல் அசரியா, 1903இல் இந்தியாவின் திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கம் உருவாக முன்னின்றார். தன் சொந்தக் காசில் ஊழியரை அனுப்பிய ஊர், அந்த ஊழியரின் பிள்ளைகள் வீடு வந்து போகும் வழிச்செலவையும் நினைக்க வேண்டும் என்பது எங்கள் வேண்டுகோளின் அடிப்படை.

1914 முதல் தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே கப்பலும் இருபுறமும் ரயிலும் ஓடின. நத்தாருக்கு மூன்று நாள் இருக்க, 1964 டிசம்பர் 22 இரவுப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. பயணிகளோடு வந்த ரயிலும் அதில் போனது. இராமேஸ்வரத்திலிருந்து பின்னர் ஓடிய கப்பலும் 1980களில் நின்றது. இன்று இந்தியாவில் இருக்கும் ஊழியக் குடும்பத்துக்கு நத்தார் நேரத்தில் நடைமுறை வழி பலாலிக்கு விமானம்தான். நாகப்பட்டினம்–காங்கேசன்துறைக் கப்பல் 2023 ஒக்டோபரில் தொடங்கியதிலிருந்து மாரிகாலத்தில் நிறுத்தப்பட்டே வருகிறது. கட்டணம் குறைவு என்று டிசம்பருக்கு அதை நம்பித் திட்டம் போடாதீர்கள். பலாலிக்கு வருவது சிறிய ஏ.டி.ஆர். விமானம், பொதிகளின் நிறையில் கண்டிப்பு உண்டு. வீட்டில் தராசில் நிறுத்துவிட்டே பெட்டியை மூடுங்கள்.

பிள்ளைகளின் வயிற்றைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. மலையிலிருந்து இறங்கும் வளைவுகளில் வாந்தி எடுக்கும் பிள்ளை ஏ9 நேர்வீதிக்கு வரும்போது களைத்துப் போயிருக்கும். வாந்தி மருந்தைப் புறப்படுவதற்கு அரை மணி, ஒரு மணிக்கு முன் கொடுத்தால்தான் வேலை செய்யும். சத்தி எடுக்கத் தொடங்கிய பிறகு கொடுத்தால் மருந்தும் வெளியே வந்துவிடும். பிள்ளையின் வயதையும் நிறையையும் சொல்லி மருத்துவரிடம் கேட்டே வாங்குங்கள். இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு நீங்களாகக் கொடுக்காதீர்கள். வழிச்சாப்பாட்டுக்குத் தேங்காய்ப்பூ போட்ட பிட்டு வேண்டாம், மத்தியானத்துக்குள் புளித்துவிடும். வெங்காயச் சம்பலும் அப்படியே. புளிச்சோறு, நன்றாக ஆறவிட்ட ரொட்டி, பயத்தம் பணியாரம், எள்ளுருண்டை, வாழைப்பழம் தாங்கும். ஒரு கைப்பையில் பிள்ளைக்கு இரண்டு மாற்றுடுப்பு, ஒரு துவாய், நான்கைந்து சொப்பின் பை, டோர்ச், மருந்து, தண்ணீர். இந்தப் பை மடியிலோ காலடியிலோ இருக்க வேண்டும். பஸ்ஸின் டிக்கிக்குள் போனால் வவுனியா வரை அதை எடுக்க முடியாது. டிக்கிக்குள் போகும் பெட்டியில் உடுப்புகளை முதலில் பொலித்தீன் பையில் கட்டி வையுங்கள். மழையில் டிக்கிக் கதவின் ஓரத்தால் தண்ணீர் இறங்குவது வழக்கம்.

திரும்பிப் போகும்போது வீட்டார் கட்டிக் கொடுக்கும் பொருட்களில் அதிகம் பழுதாவது கறித்தூள். காரணம் தூள் அல்ல, அவசரம். மில்லில் அரைத்து வரும் தூள் சூடாக இருக்கும். அதைச் சூட்டோடு பையில் கட்டினால் உள்ளே ஆவி வேர்த்து, தூள் கட்டியாகி, மலையகத்து ஈரக் குளிரில் இரண்டு கிழமைக்குள் பூஞ்சணம் பிடிக்கும். அரைத்த அன்றே கட்டாமல், தாளில் பரப்பி முழுதும் ஆறவிட்டு, மறுநாள் உலர்ந்த போத்தலில் அடைத்துக் கொடுங்கள். அதற்கு, புறப்படுவதற்கு மூன்று நாள் முன் அரைக்க வேண்டும், முதல் நாள் இரவு அல்ல. நல்லெண்ணெய்ப் போத்தலை வாய்வரை நிரப்பாதீர்கள், இரண்டு விரல் இடம் விடுங்கள். மூடியில் நாடா சுற்றி, பால்மாப் பேணிக்குள் நிமிர்த்தி வையுங்கள். கருவாட்டைக் குளிரூட்டிய பஸ்ஸில் நடத்துனர் ஏற்ற மாட்டார், ஏற்றினாலும் பக்கத்தில் இருப்பவர் பாவம். அவித்த பனங்கிழங்கு இரண்டு நாளுக்கு மேல் தாங்காது. பச்சையாகக் கொடுத்தால் போன இடத்தில் அவித்துக்கொள்வார்கள்.

ஊரில் பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கு வருபவர்களுக்காக இங்கே இருப்பவர்கள் செய்ய வேண்டியவை உண்டு. டிசம்பர், ஜனவரி யாழ்ப்பாணத்தில் டெங்குக் காலம். குடும்பம் வருவதற்கு ஒரு கிழமைக்கு முன் கூரைப் பீலி, பூச்சாடித் தட்டு, சிரட்டை, பழைய டயர், மூடாத தொட்டி எல்லாவற்றிலும் தேங்கிய நீரை ஊற்றிவிட வேண்டும். ஊற்றினால் மட்டும் போதாது. முட்டை தொட்டியின் சுவரில் ஒட்டியிருக்கும், உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுங்கள். கிணற்று நீர் இன்னும் கவனமான விஷயம். எங்கள் மண்ணின் கீழே சுண்ணாம்புக் கல். மாரியில் நிலத்தடி நீர் உயர்ந்து மலசலகூடக் குழியின் நீரோடு கலக்க வாய்ப்பு உண்டு. கிணறு நிரம்பி, நீர் தெளிவாகத் தெரிவதை வைத்துக் குடிக்கக் கொடுக்காதீர்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கேட்டுக் குளோரின் இடுங்கள். அதன் பிறகும் கொதித்து ஒரு நிமிடம் பொங்கவிட்டு ஆறிய நீரையே பிள்ளைகளுக்குக் கொடுங்கள். மலையகத்து ஊற்றுநீருக்குப் பழகிய பிள்ளைகள் வந்த இரண்டாம் நாளே வயிற்றோட்டத்தில் படுப்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். வளவில் புல் செருக்கி, விறகுக் குவியலை வீட்டுச் சுவரிலிருந்து தள்ளி வையுங்கள். மழைக்கு ஒதுங்கும் புடையன் பாம்பு அதற்குள்தான் இருக்கும்.

இனி எங்கள் வேண்டுகோள்கள். ஒவ்வொரு சபையின் நிர்வாகமும் தன் வெளி ஊழியர்களின் விடுமுறைத் திகதிகளை நவம்பர் 20க்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். முற்பதிவு திறக்கும் நாளில் அது அவர்கள் கையில் இருக்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் ஓய்வுபெற்ற போதகர்கள் பலர் நல்ல சுகத்தோடு இருக்கிறார்கள். அவர்களில் விரும்புபவர்களை 26 முதல் ஜனவரி முதல் வாரம் வரை வெளிப் பணித்தளங்களுக்குப் பதில் ஊழியராக அனுப்பலாம். அவர் போகும் வழிச்செலவும் ஊழியர் வரும் வழிச்செலவும் ஒரு சபையின் கரோல் காணிக்கையில் ஒரு பங்கைத் தாண்டாது. பதிலுக்கு ஒருவர் போனால் 31 இரவுக்காக அவசரமாகத் திரும்பும் தேவை இல்லை, குடும்பம் பத்து நாள் ஊரில் இருக்கலாம். அது முடியாத இடத்தில் விடுமுறையையே ஜனவரி இரண்டாம் வாரத்துக்குத் தள்ளிக் கொடுங்கள். பொங்கலோடு சேர்ந்து வரும், கூட்டம் தணிந்திருக்கும், மழையும் பெரும்பாலும் குறைந்திருக்கும். பள்ளிக்கூடத் தவணைகள் அண்மைய ஆண்டுகளில் முன்பின்னாக மாறுவதால், அந்த ஆண்டின் தவணைத் திகதியைப் பார்த்தே இதை முடிவு செய்ய வேண்டும். தவணை முன்னரே முடிந்தால் தாயும் பிள்ளைகளும் டிசம்பர் நடுவில் கூட்டமில்லாத ஒரு நாளில் வந்துவிடலாம், போதகர் 26இல் தனியே வரலாம். தனி ஆளுக்கு ஒரு ஆசனம் கிடைப்பது ஐந்து பேருக்குக் கிடைப்பதைவிட எளிது.

வீட்டாரிடம் ஒன்று கேட்கிறோம். நத்தார்ச் சாப்பாட்டை 25 மத்தியானத்தோடு முடித்துவிடாதீர்கள். பலகாரத்தில் ஒரு பேணியை மூடி வையுங்கள். கிறிஸ்மஸ் மரத்தை ஜனவரி ஆறாம் திகதி வரை கழற்றாமல் விடுங்கள். 27ஆம் திகதி விடியற்காலை பஸ்ஸால் இறங்கி வரும் பிள்ளைகளுக்கு அன்றுதான் நத்தார்.

இப்படிக்கு,
ஊழியக் குடும்பங்களின் பயண ஒழுங்குகளைக் கவனிக்கும் சிலர்,
யாழ்ப்பாணம்.